சக்கர லயத்தின் இரண்டாவது பேட்டரி

பிள்ளைகளே,

இதை இரண்டு பேரும் தனித்தனியாக உட்கார்ந்து படியுங்கள். எனக்குப் போனில் நீளமாகப் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். "சாப்டியா, அங்க மழையா" என்பதோடு என் பேச்சு நின்றுவிடும். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், அப்புறம் மூன்றாம் படிவம் வரை, அவ்வளவுதான் என் படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற பள்ளி விடுமுறையில் கேரவனை இழுத்துக்கொண்டு சபாக் பக்கம் கடலோரம் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று சின்னவன் சொல்கிறான். அவனும் மருமகளும் பத்தாங் காலியிலிருந்து வருகிறார்கள். பெரியவள் ஜொகூரிலிருந்து பேத்தியோடு வருகிறாள். ஆனால் மகளே, நீ போனில் சொன்னது இதுதான்: "அவளை மட்டும் கூட்டிட்டுப் போங்கப்பா. நான் வீட்லயே இருக்கேன்."

பதினோரு வயதிலிருந்து நீ இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாய். இப்போது உன் மகளுக்கே ஆறு வயது ஆகிவிட்டது.

இந்தத் தடவை நீ வர வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். பேட்டரியைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வண்டியை இனி நீங்கள்தான் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். என் முட்டி முன்பு மாதிரி இல்லை. ஆனால் பேட்டரியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே அந்த ஆயுத பூசை வந்து நிற்கிறது. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நாம் அப்போது தோட்டத்தில் இருந்தோம். சுற்றிலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. எனக்குத் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் டிராக்டர் பழுது பார்க்கிற வேலை. வாய்க்கால் வெட்டுகிற குத்தகைக்காரர் ஒருவர் அந்தக் கேரவனைச் சுங்கை பெசார் வயல்காட்டில் ஆள் தங்குகிற கொட்டகையாக வைத்திருந்தார். வேலை முடிந்ததும் தார்ப்பாய் போட்டு மூடி விட்டுவிட்டார். கூரை ஒழுகியது, உள்ளே எலி குடும்பம் நடத்தியது. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்கிற மாதிரிதான் எனக்குக் கொடுத்தார். என் பழைய பிக்கப்பில் கொக்கி வைத்து இழுத்து வந்தேன். செம்மண் ரோட்டில் அது என் பின்னால் ஆடி ஆடி வந்தபோது நம் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் அண்ணன்தான் ஆரம்பித்தார். "என்னடா இது, சொந்தமா லயம் கட்டிட்டியா? அதுவும் சக்கரம் வச்சு?"

"ஆமாண்ணே. தொர வீட்டைக் காலி பண்ணச் சொன்னா, இழுத்துட்டுக் கெளம்பிரலாம்ல."

"அப்ப எனக்கும் ஒரு ரூம் போடு லா. உங்கண்ணி தொரத்துனா வந்து படுக்க எடம் வேணும்."

"ஒங்களுக்கு ஒரு ரூம் பத்தாதுண்ணே, அவங்க தொரத்துற தொரத்துக்கு."

அன்றிலிருந்து அதற்குப் பேர் சக்கர லயம். பள்ளிக்கூடத்தில் உங்களைக்கூட அப்படித்தான் கேலி செய்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

அதை வாங்கச் சொன்னது உங்கள் அம்மா. கடல் நமக்கு அரை மணி நேரத் தூரம். மீன் வாங்கப் போயிருக்கிறாள், சாமி கும்பிடப் போயிருக்கிறாள். ஆனால் கடலுக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி படுத்து எழுந்ததில்லை. "நாலு பேரும் ஒரு தடவை. காலையில கண்ணைத் தொறந்தா கடல் தெரியணும்" என்றாள்.

"நம்ம பக்கத்துக் கடல் வெறும் சேறுடி. அலைகூட வராது."

"சேறா இருந்தா என்னங்க. கடல்தானே."

மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த வண்டியோடுதான் போயின. கூரைக்குத் தார் பூசினேன். உங்கள் அம்மா ஜன்னல்களுக்குப் பூப்போட்ட துணி தைத்தாள். மேலே ஒரு படுக்கை, நீங்கள் இரண்டு பேரும் படுப்பதற்கு. அதன் ஓரப் பலகையில் மகளே, நீ பென்சிலால் ஒரு கோடு போட்டாய். "இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் தம்பிக்கு. தாண்டி வந்தான்னா உதைப்பேன்." பள்ளி விட்டு வந்ததும் இரண்டு பேரும் அதில் ஏறிப் படுத்து, கடலுக்குப் போய்விட்ட மாதிரி விளையாடுவீர்கள். கீழே நான் ஆணி அடித்துக்கொண்டிருந்தால், "டிரைவர், மெதுவாப் போங்க, பள்ளம்!" என்று அவன் கத்துவான்.

ஒரு தகரப் பெட்டிக்குள் நம் ஊர் வெக்கையில் நாலு பேர் தூங்க முடியுமா? காற்றாடி வேண்டும். விளக்கு வேண்டும். அதற்குத்தான் இரண்டாவது பேட்டரி. பிக்கப்பில் இருக்கிற பேட்டரி ஸ்டார்ட் எடுப்பதற்கு மட்டும். அதிலிருந்து காற்றாடி ஓட்டினால் காலையில் வண்டி கிளம்பாது, கடலோரத்தில் நின்று கையைப் பிசைய வேண்டியதுதான். கேரவனுக்குள் இருக்கிற பேட்டரி வேறு வகை, நிதானமாக நீண்ட நேரம் கொடுக்கிற வகை. இரண்டையும் எப்போதும் நேராகச் சேர்த்துக் கட்டாதீர்கள். வண்டி ஓடும்போது மட்டும் சார்ஜ் போகிற மாதிரி நடுவில் ஒரு பெட்டி இருக்கிறது. அதைத் தாண்டிக் கம்பி இழுக்கிற வேலை வேண்டாம்.

சுங்கை பெசாரில் பேட்டரிக் கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே என்போமே, அவரிடம்தான் முதல் பேட்டரி வாங்கினேன். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் ஓரளவு வரும். பேட்டரியைத் தூக்கிப் பிக்கப்பில் வைத்துவிட்டு, போக விடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி. சார்ஜ் போடு, கதவு தொற. காத்து போகணும். நெருப்பு வேண்டாம், சிகரெட் வேண்டாம். இது உள்ள தண்ணி கொதிக்கும், காஸ் வரும். கண்ணு பாக்க முடியாது, மூக்குக்குத் தெரியாது. டப்புன்னு போயிரும்."

"தெரியும் தவுக்கே. நான் ஒர்க்‌ஷாப் ஆளு."

"ஒர்க்‌ஷாப் ஆளுதான் ரொம்ப மறக்கும் லா" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை. இப்போது நினைத்தால் அவர் காலில் விழலாம் என்றிருக்கிறது.

பேட்டரியை உட்காரும் பலகைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி செய்து அதற்குள் வைத்தேன். அவர் சொன்னபடியே காற்று போக வெளிச்சுவரில் ஒரு ஓட்டை போட்டேன். சரியாகத்தான் செய்தேன். ஒரு வாரத்தில் அந்த ஓட்டை வழியாக எலி வந்துவிட்டது. செம்பனைத் தோட்டத்து எலி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மா தைத்த துணியில் ஒரு மூலையைக் கடித்துக் குதறிவிட்டது. அவள் முகம் வாடிப்போனது. எனக்குக் கோபம். என் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி அந்த ஓட்டையில் திணித்து அடைத்தேன். கடலுக்குக் கிளம்புகிறபோது எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு சாண் கம்பி வலை போதும். வெட்டி நாலு ஆணி அடித்தால் காற்றும் போகும், எலியும் வராது. ஒர்க்‌ஷாப்பில் அந்த வலை சுருள் சுருளாகக் கிடந்தது. அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷமாக நான் அதிகம் நினைத்த பொருள் எது என்றால் அந்த ஒரு சாண் வலைதான்.

ஆயுத பூசைக்கு மறுநாள் கிளம்புவதாக ஏற்பாடு. தோட்டத்தில் அந்தப் பூசை எப்படி நடக்கும் என்பது பேத்திக்குத் தெரியாது, அவளுக்காக எழுதுகிறேன். செம்பனைக் குலை வெட்டுகிற அரிவாள், உளி, தள்ளுவண்டி, டிராக்டர், மோட்டார், பிள்ளைகளின் சைக்கிள் என்று எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்து, பூப்போட்டு, கற்பூரம் காட்டுவோம். டிராக்டருக்குக் காட்டும்போது எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே சுற்றினால் மட்டும் போதாது. பானெட்டைத் திறந்து இன்ஜினுக்கும் காட்ட வேண்டும். உயிர் இருக்கிற இடத்துக்குக் காட்டாமல் தகரத்துக்குக் காட்டி என்ன பிரயோசனம் என்பார் மண்டோர் அண்ணன். டிராக்டர் ஆறிப்போய் வெட்டவெளியில் நிற்கும், அதற்கு ஒன்றும் ஆனதில்லை.

முதல் நாள் சாயங்காலமே ஒர்க்‌ஷாப் சார்ஜரை எடுத்து வந்து கேரவன் பேட்டரிக்குப் போட்டிருந்தேன். அது டிராக்டர் பேட்டரிக்கு வேகமாக ஏற்றுகிற சார்ஜர். இதற்கு அவ்வளவு வேகம் ஆகாது. மறுநாள் காலை பூசை வரைக்கும் கழற்றவில்லை. முழுசாக நிறையட்டும், கடலோரத்தில் காற்றாடி நிற்கக் கூடாது என்று ஆசை. ஜன்னல்களையும் எலிக்குப் பயந்து சாத்தி வைத்திருந்தேன்.

காலையில் நீ பாவாடை கட்டி, தலை நிறைய பூ வைத்துக்கொண்டு வந்தாய். வீட்டில் எந்தப் பூசைக்கும் கற்பூரத் தட்டு உன் கையில்தான். வண்டியைச் சுற்றிக் காட்டினாய், சக்கரத்துக்குக் காட்டினாய், கொக்கிக்குக் காட்டினாய். லயத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அடுத்த வீட்டு அக்கா, தோட்டத்து கிளினிக்கில் வேலை செய்தவர், வேதக்காரர், சுண்டலுக்காக வந்திருப்பதாகச் சிரித்துக்கொண்டே நின்றார்.

நான்தான் சொன்னேன். "உள்ளயும் காட்டும்மா. உயிர் அங்கதான இருக்கு."

உள்ளே வந்தோம். நீ, தம்பி, நான். அம்மா வாசல்படியில். நான் பெட்டியின் மூடியைத் தூக்கிச் சாய்த்துவிட்டு ஒதுங்கினேன். தம்பி கைகூப்பிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றான். நீ ஒரு எட்டு வைத்துவிட்டு நின்றுவிட்டாய்.

"அப்பா, உஸ்ஸுன்னு சத்தம் கேக்குது."

"அது சார்ஜ் ஏறுற சத்தம்மா."

"பயமா இருக்குப்பா."

"நான் இருக்கேன்ல. கிட்டக் காட்டு. இன்னும் கிட்ட."

நீ கையை நீட்டித் தட்டைக் கிட்டக் கொண்டுபோனாய். இதுதான் நடந்தது. இந்த வரிசையில்தான் நடந்தது. நான் மறக்கவில்லை.

சத்தம் எப்படி இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. காது அடைத்துவிட்டது. பேட்டரியின் மேல்பக்கம் பிளந்து ஆசிட் தெறித்தது. நீயும் நானும் ஒரு எட்டு தள்ளி நின்றோம், துணியில்தான் பட்டது. தம்பிக்கு இடது காதிலிருந்து கழுத்து வரை. கண்ணிலும் பட்டுவிட்டது என்று கத்தினான். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, தீக்காயத்துக்குத் தடவுகிற மாதிரி பற்பசை எடுக்கப் போனாள். அந்த அக்காதான் ஓடிவந்து தடுத்தார். "ஒண்ணும் தடவாதே! தண்ணி! தண்ணிதான்!" மழைத்தண்ணீர் பிடிக்கிற பீப்பாய்த் தொம்புக்குப் பக்கத்தில் அவனைப் படுக்க வைத்து, கண்ணிமையை விரலால் விரித்துப் பிடித்து, வாளி வாளியாக ஊற்றிக்கொண்டே இருந்தார். போதும் என்று ஆட்கள் சொல்லியும் நிறுத்தவில்லை. "கண்ணைத் தொறடா ராஜா, தொற, அக்காவைப் பாரு." தொம்பு பாதி காலியாகும் வரை ஊற்றினார். கண் பிழைத்தது அவரால்தான். பிறகு டாக்டரும் அதையே சொன்னார்.

நான் அந்த நேரத்தில் என்ன செய்தேன் தெரியுமா? சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உன்னைப் பார்த்தேன். நீ நின்ற இடத்திலேயே நின்றாய். தட்டு உன் கையில்தான் இருந்தது. கற்பூரம் அணைந்திருந்தது. சந்தனக் கிண்ணம்கூடச் சாயவில்லை. உன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அந்தத் தட்டை வாங்கினேன்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா, மலாய்க்காரப் பெண், என்ன ஆச்சு என்று கேட்டார். நான் மலாயில் சொன்னேன்: பிள்ளை கையிலிருந்த கற்பூரம் தவறிப் பேட்டரிமேல் விழுந்துவிட்டது என்று.

ஏன் அப்படிச் சொன்னேன்? தினமும் பேட்டரியைத் தொட்டு வேலை செய்கிறவன், தவுக்கே கையைப் பிடித்துச் சொல்லியும் காற்றுப்போகிற ஓட்டையைத் துண்டால் அடைத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான். வேறு காரணம் ஒன்றும் இல்லை. நீ எனக்குப் பக்கத்தில் நின்றாய், கையில் சந்தனம் காய்ந்துபோய். உனக்குப் பள்ளியில் மலாய் நன்றாகவே வரும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.

வீட்டுக்குப் போய்ச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனால் லயம் முழுக்க அதே பேச்சு. "பொம்பளப் பிள்ளை, கை நடுங்கிருச்சு, பாவம்." "சின்னப் பிள்ளை கையில நெருப்பைக் குடுக்கலாமா." எல்லாரும் உன்மேல் இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். அந்த அக்கா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் வாசலுக்கு நேராக நின்றவர், எல்லாம் கேட்டிருக்கும்.

ஒரு வருஷம் கழித்து அந்த அக்கா வீட்டு அடுப்படியில் நீ உட்கார்ந்து அவர் மகளிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "நான்தான் கீழ போட்டுட்டேன். தட்டு வழுக்கிருச்சு." நீ பொய் சொல்லவில்லை. உனக்கே அப்படி ஞாபகமாகிவிட்டது. நான் சொன்ன பொய் உன் ஞாபகமாக மாறிவிட்டது. அப்போதாவது உள்ளே போயிருக்க வேண்டும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

மகளே, நீ எதையும் கீழே போடவில்லை. சத்தம் கேட்கிறது என்று சொன்னவள் நீ. பயமாக இருக்கிறது என்று சொன்னவள் நீ. உள்ளே இருந்த மூன்று பேரில் பேட்டரியைப் புரிந்துகொண்டது நீ ஒருத்திதான். கிட்டக் காட்டச் சொன்னது நான்.

அம்மாவுக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும். படியில்தானே நின்றாள். என்னைத் திட்டவில்லை. எத்தனையோ தடவை ஒரே ஒரு வார்த்தை: "நீங்க சொல்லணும். நான் சொன்னா, அம்மா சும்மா சமாதானம் பண்றான்னு நெனைப்பா."

அடுத்த வருஷம் புதுப் பேட்டரி போட்டு, ஓட்டைக்கு வலை அடித்து, கடலோரம் போனோம். மூன்று பேர்தான். நீ வர மாட்டேன் என்று அக்கா வீட்டில் இருந்துகொண்டாய். காற்றாடி இரவு முழுக்க ஓடியது. காலையில் அம்மா கண்ணைத் திறந்தாள். ஜன்னலில் கடல் தெரிந்தது. தண்ணீர் வற்றிச் சேறு பளபளவென்று இருந்தது, கொக்கு நடந்தது. ரொம்ப நேரம் பார்ப்பாள் என்று நினைத்தேன். கொஞ்சம் பார்த்துவிட்டு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். "நாலு பேருன்னு சொன்னேன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் கடல் பேச்சை எடுக்கவில்லை.

தோட்டத்தை விட்டு இந்தத் தாமான் வீட்டுக்கு வந்தபோது கேரவனையும் இழுத்து வந்தேன். ரம்புத்தான் மரத்தடியில் நிற்கிறது. அது எங்கும் போவதில்லை. ஆனாலும் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பேட்டரியைப் பார்ப்பேன், சார்ஜ் போடுவேன், தண்ணீர் குறைந்திருந்தால் கடையில் விற்கிற பேட்டரித் தண்ணீர் ஊற்றுவேன். பேட்டரி செத்தால் புதிது மாற்றுவேன். "போகாத வண்டிக்கு எதுக்கு அப்பா?" என்று தம்பி கேட்பான். யாராவது திடீரென்று வருகிறேன் என்று சொன்னால் தயாராக இருக்க வேண்டாமா? யாராவது என்றால் யார் என்று இப்போது தெரிந்திருக்கும்.

போன தீபாவளிக்கு நீங்கள் வந்து போனபிறகு தம்பி என்னிடம் ஒன்று சொன்னான். "அப்பா, அக்கா எப்பவும் என் வலது பக்கமாத்தான் ஒக்காருறா, பாத்தீங்களா? கார்லகூட. இடது பக்கம் வந்தா கண்ணை வேற எங்கயோ வைக்கிறா. எனக்கு இது ஒரு தழும்புதான். மொகச் சவரம் பண்ணும்போது மட்டும்தான் ஞாபகம் வரும். அவளுக்கு ஏன்பா இன்னும்?" அவனும் அக்கா தட்டைப் போட்டாள் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறான். தம்பி, உனக்கும் சேர்த்துத்தான் இது.

சரி. இப்போது பேட்டரி வேலை. கவனமாகப் படியுங்கள்.

இந்த வருஷம் லித்தியம் பேட்டரிக்கு மாற்றிவிட்டேன். தண்ணீர் ஊற்றுகிற வேலை இல்லை, முன்புபோலக் காஸும் விடாது. ஆனால் பழைய சார்ஜரை இதற்குப் போடவே கூடாது. அதை உடைத்து இரும்புக் கடையில் போட்டுவிட்டேன், தேட வேண்டாம். இதற்கென்று வந்த சார்ஜர் மேல் தட்டில் இருக்கிறது. பேட்டரி உப்பினாலோ, தொட முடியாமல் சுட்டாலோ, ஒரு மாதிரி வாடை வந்தாலோ என்ன ஏது என்று குனிந்து பார்க்காதீர்கள். முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

கழற்ற வேண்டி வந்தால் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, கறுப்புக் கம்பியை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். மோதிரம், காப்பு, வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். என் விரலில் மோதிரம் போடுகிற இடத்தில் ஒரு வெள்ளை வளையம் இருக்கிறதே, சின்ன வயதில் தடவிப் பார்த்து விளையாடுவீர்கள், அது ஸ்பேனரும் மோதிரமும் ஒன்றாகப் பேட்டரியில் பட்டுச் சுட்ட தழும்பு. சிவப்புக் கம்பியில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்கிறது. அது போனால் அதே அளவுதான் போட வேண்டும். பெரியதாகப் போட்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அது போவதே நம்மைக் காப்பாற்றத்தான். கிளம்பும் முன்னால் பேட்டரியைக் கட்டியிருக்கிற பட்டையை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். சபாக் ரோட்டில் குலுங்கும்.

கேரவனை இழுக்கிற பிக்கப்பில் இருப்பது பழைய வகை பேட்டரிதான், அதற்கு இன்னும் காஸ் உண்டு, ஆசிட் உண்டு. அதனால் கேரவனில் பத்து லிட்டர் தண்ணீர் எப்போதும் தனியாக இருக்கட்டும். குடிக்க இல்லை. யாருக்காவது பட்டால் ஊற்றுவதற்கு. ஊற்ற ஆரம்பித்தால் நிறுத்தாதீர்கள். தரையில் சிந்தினால் ஆப்ப சோடாவைத் தூவுங்கள், உடம்பில் வேண்டாம்.

பூசை போட வேண்டும் என்றால் போடுங்கள். நான் சாமியை விடவில்லை. சந்தனமும் குங்குமமும் கதவுக்கு வையுங்கள். கற்பூரத்தை முற்றத்தில், மண்ணில் வைத்துக் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, அணைந்தபிறகு வண்டியைத் தொடுங்கள். சாமிக்குத் தூரம் ஒரு கணக்கே இல்லை.

எல்லாவற்றையும்விட இது முக்கியம். பிள்ளை யாராவது, சத்தம் கேட்கிறது, வாடை வருகிறது, பயமாக இருக்கிறது என்று சொன்னால் கையில் இருப்பதை அங்கேயே நிறுத்துங்கள். பேத்தி சொன்னாலும் நிறுத்துங்கள். அது என்ன சத்தம் என்று அவளுக்கு விளக்கம் சொல்ல நிற்காதீர்கள்.

மகளே, நீ வா. மேல் படுக்கையில் உன் கோடு அப்படியே இருக்கிறது. மூன்று தடவை சாயம் அடித்தேன், மூன்று தடவையும் அந்தப் பலகையை மட்டும் விட்டுவிட்டேன். தம்பி இப்போது தாண்டி வர முடியாது, அவன் உடம்புக்கு அந்தப் பாதிக்குள் அடங்கவே மாட்டான். பேத்தி அந்தப் பக்கம் படுக்கட்டும். நீ இந்தப் பக்கம். அம்மா சொன்ன நாலு பேரும் சேர்ந்து, காலையில் கண்ணைத் திறந்து கடலைப் பார்க்கலாம். இந்த ஆசையை நான் உங்கள் யாரிடமும் கேட்கத் தகுதி இல்லாதவன். ஆனாலும் கேட்கிறேன்.

நேற்று இதை இரண்டு பிரதி எழுதி முடித்தேன்; கவரை ஒட்டுவதற்கு முன்னால் இதையும் சேர்க்கிறேன். உங்கள் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். சாயங்காலம், வெயில் இறங்கியிருந்தது. ரம்புத்தான் மரத்தடிக்குப் போய் மோதிரமில்லாத கையால் மெயின் சுவிட்சைத் திருகினேன். முட்டி வலித்தாலும் ஏணியில் ஏறி மேல் படுக்கையில் உன் பக்கமாகக் காலை மடக்கிப் படுத்தேன். சின்னக் காற்றாடியைப் போட்டேன். காற்று நெஞ்சுக்குத்தான் வந்தது. எட்டி அதன் தலையைக் கொஞ்சம் திருப்பி, முகத்துக்கு வருகிற மாதிரி வைத்து, திருகை இறுக்கினேன். பிறகு இறங்கி, சுவிட்சை அணைத்து, ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து, கதவையும் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தேன். எலி வந்தால் வரட்டும்.